கேதம் கேட்க ஆள் வராத வீடுகள்

கொரோனா காலத்து மனநலம் குறித்து இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அச்சம், தனிமை, வேலையிழப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அவையெல்லாம் உண்மையானவை. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. இளைஞர்களும் பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. ஆயினும் என் உறவினர் வீடுகளிலும் தெரிந்தவர்கள் வீடுகளிலும் இன்றுவரை ஆறாமல் இருப்பது, அந்தக் கணக்குகளுக்குள் தனியாகத் தெரியாத ஒரு துயரம். சாவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஒருவரும் வர முடியாமல் போனதால் உண்டான துயரம் அது.

எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் இதைக் கேதம் கேட்பது என்போம். நெல்லைச் சீமையில் துட்டி கேட்பது என்பார்கள். ஒரு சாவு வீட்டில் முதல் பதினாறு நாள்களில் என்னென்ன நடக்கின்றன என்பதைச் சற்று நின்று கவனித்தால், மனநலத் துறையினர் சமூக ஆதரவு என்று அழைப்பது முழுவதும் அங்கே யாரும் கற்றுக்கொடுக்காமலே நடந்துகொண்டிருப்பது தெரியும். செய்தி தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொல்லிவிடுவார். இன்னொருவர் வெளியூர் உறவினர்களுக்குத் தகவல் சொல்ல உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் சம்பந்தி வீட்டாரோ பக்கத்து வீட்டாரோ சோறு ஆக்கிக் கொண்டுவருவார்கள். சாப்பிட மறுப்பவரை அதட்டிச் சாப்பிட வைக்கும் உரிமை பெற்ற ஒரு வயதான பெண்மணி எப்போதும் அங்கே இருப்பார். உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பதற்கும், கோடித் துணி கொண்டுவருவதற்கும், பால் ஊற்றுவதற்கும், கருமாதிக்கும் யார் யார் எதைச் செய்ய வேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்டிருப்பதால், துக்கத்தில் இருப்பவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது, வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் அந்த ஒரே கேள்வியை. "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் முதல் நாளில் பேச்சே வராமல் அழுவார். இரண்டாம் நாளில் முன்னும் பின்னுமாகச் சொல்வார். ஐந்தாம் நாளுக்குள் அந்தக் கடைசி நாளைக் காலையில் குடித்த காப்பியிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லப் பழகியிருப்பார். கேட்கிறவர் ஏற்கெனவே வேறொருவரிடம் முழுவதையும் கேட்டறிந்திருந்தாலும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்பார். ஐம்பது பேரிடம், நூறு பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, நம்ப முடியாத ஒன்று மெல்ல மெல்ல நடந்துமுடிந்த ஒன்றாக மாறுகிறது. "நீங்க செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சீங்க, அவரு விதி அவ்வளவுதான்" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போகும் வாக்கியம், தனியாகப் பார்த்தால் வெறும் சம்பிரதாயம். ஆனால் நூறு பேர் சொல்லும்போது ஊரே கூடிக் குற்றமில்லை என்று தீர்ப்பளித்ததற்கு நிகராகிவிடுகிறது.

இந்த வழக்கங்கள் எல்லாவற்றையும் நான் போற்றுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கணவனை இழந்த பெண்ணை உட்காரவைத்துத் தாலியை அறுப்பதும், பொட்டை அழிப்பதும், வளையலை உடைப்பதும் ஆறுதல் அல்ல. அவை ஒழிய வேண்டியவை. இறந்த பிறகும் சாதிக்கொரு சுடுகாடு என்று இருக்கும் ஊர்கள் நமக்கு அவமானம். நான் சொல்வது ஆள்கள் வந்து உட்கார்வதையும் கேட்பதையும் மட்டுமே.

2020 மார்ச் நடுப்பகுதியில் மத்திய சுகாதார அமைச்சகம் இறந்தோர் உடல்களைக் கையாளும் முறை பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், உடலைக் குளிப்பாட்டுவதும் கட்டியணைப்பதும் முத்தமிடுவதும் தடுக்கப்பட்டன. பின்னர் இறுதிச் சடங்குகளில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. சாவுக்குப் போவதற்கும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். நோய் எப்படிப் பரவுகிறது என்பதே சரியாகத் தெரியாத அந்த மாதங்களில் இந்தக் கட்டுப்பாடுகள் தேவையற்றவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே வழிகாட்டுதல், உடலை வைத்த பையின் முகப்பகுதியைத் திறந்து உறவினர் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்கும், உடலைத் தொடாமல் புனித நீர் தெளிப்பதற்கும், மறைநூல் ஓதுவதற்கும் இடம் கொடுத்திருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். விதி அனுமதித்ததைக்கூடப் பல இடங்களில் பயம் அனுமதிக்கவில்லை.

அந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சென்னை 2020 ஏப்ரல் 19 இரவில் கண்டது. கொரோனா தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களை ஒரு கும்பல் கற்களாலும் கட்டைகளாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் காயமடைந்தார்கள். கடைசியில் அவருடைய சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் மருத்துவமனைப் பணியாளர்களின் துணையோடு தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். மனைவியும் மகனும் அங்கே இருக்க முடியாமல் போயிற்று. கணவர் விரும்பிய கல்லறையில் மறு அடக்கம் செய்ய அனுமதிக்குமாறு அந்த அம்மையார் முதலமைச்சருக்கு விடுத்த வேண்டுகோளை அப்போது தமிழகமே கேட்டது. அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வகைசெய்யும் அவசரச் சட்டம் ஒரு வாரத்துக்குள் வந்தது. சட்டம் வந்தது நல்லதே. ஆனால் அந்தக் குடும்பம் இழந்த கடைசி மணித்துளிகளை எந்தச் சட்டத்தாலும் மீட்டுத்தர இயலாது.

எங்கள் பெரியப்பா 2021 மே மாதத்தில் இறந்தார். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானதும், நாளொன்றுக்கு 400-க்கும் மேற்பட்ட சாவுகள் பதிவானதும் அந்த மாதத்தில்தான். மதுரையில் மருத்துவமனையில் சேர்த்த பிறகு அவரிடம் யாராலும் நேரில் பேச முடியவில்லை. அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், வாசலில் கிடந்தார். பெரியம்மாவுக்கும் தொற்று இருந்ததால் அவர் வீட்டிலேயே தனி அறையில் இருந்தார். வாசலில் மாநகராட்சி ஒட்டிய தாள் இருந்தது. இறந்த செய்தியைக் கதவுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. தத்தனேரி மயானத்தில் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கவச உடையில் நின்றார்கள். மற்றவர்கள் எல்லோரும் அலைபேசித் திரையில் பார்த்தோம். நீர்மாலை இல்லை, கோடி இல்லை, கருமாதியும் நடக்கவில்லை. பெரியம்மாவின் தங்கைகள் முழு ஊரடங்கில் வெவ்வேறு ஊர்களில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த மாதங்களில் பெரியம்மா அலைபேசியில் என்னிடம் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான். "தாயி, ஒரு ஆளு வந்து என்னாச்சுன்னு கேக்கலையே. நாப்பது வருசம் எல்லா வீட்டுக்கும் கேதத்துக்குப் போனவரு." உறவினர்கள் அலைபேசியில் கூப்பிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அலைபேசியில் யாரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்கவில்லை. "தைரியமா இருங்க, சாப்பிட்டீங்களா, ஆவி பிடிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் பழி சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு அவரவர் வீட்டிலும் யாரோ ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆனால் நேரில் வந்து அருகில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவதை அலைபேசியில் செய்ய முடியாது. அங்கே மௌனம் வந்தால் இணைப்பு அறுந்துவிட்டதோ என்றுதான் தோன்றும்.

இந்தத் துக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்ற கேள்வி. மாரடைப்பிலோ விபத்திலோ இறந்தவர் வீட்டில் இந்தக் கேள்வி எழுவதில்லை. கொரோனாச் சாவு நடந்த வீடுகளில் இது வாய்விட்டுக் கேட்கப்படாமலே ஒவ்வொருவரையும் தின்றது. கடைக்குப் போன மகன், வேலைக்குப் போன மருமகள், பள்ளியில் தேர்வுப் பணிக்குப் போன ஆசிரியை என்று யாரோ ஒருவர் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் அப்படித்தான் நின்றார். "எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாம், ஒரு நாள் முன்னால் போயிருந்தால் ஆக்சிஜன் படுக்கை கிடைத்திருக்குமா" என்ற கணக்கை அவர் மனம் நிறுத்தவே இல்லை. நூறு பேர் வந்து "நீ செய்ய வேண்டியதைச் செஞ்சேப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கணக்கு முழுவதும் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை எதிர்த்துப் பேச ஒரு குரலாவது அவருக்குள் இருந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, நீடித்த துக்கத்தைத் தனியொரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் இறந்தவரைப் பற்றிய ஏக்கம் அன்றாட வாழ்வை முடக்கும் அளவுக்குத் தொடர்வதும், அது அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் பண்பாட்டையும் தாண்டிய அளவில் இருப்பதும் அதன் அடையாளங்கள். துக்கத்தின் அளவை அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனெனில் நம் வழக்கம் துக்கத்துக்கு ஒரு நாள்காட்டியை வைத்திருக்கிறது: மூன்றாம் நாள், பதினாறாம் நாள், ஓராண்டு நிறைவு. ஒவ்வொரு கட்டத்திலும் ஆள்கள் கூடி, துக்கத்தில் இருப்பவரை ஓர் அடி வெளியே அழைத்து வருகிறார்கள். அந்த நாள்காட்டியே இல்லாமல் போனவர்கள் எந்த நாளில் எழுந்து நடப்பது என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.

இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வொரு கொரோனாச் சாவும் ஏறத்தாழ ஒன்பது நெருங்கிய உறவினர்களைத் துக்கத்தில் ஆழ்த்துகிறது என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படியே 38,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் குடும்பங்களின் அளவையும், அத்தை மாமா சித்தப்பா என்று நீளும் நெருக்கத்தையும் நினைத்துப் பார்த்தால், ஒன்பது என்பது குறைவான எண்ணாகவே எனக்குத் தோன்றுகிறது.

கடலுக்கு அப்பால் இலங்கையில் இந்தத் துயரம் அரசின் ஆணையாகவே வந்தது. கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் கட்டாயமாக்கினார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் தாயையும் தந்தையையும் எரிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு எதிராக அந்த டிசம்பரில் எரித்தபோது, கொழும்பின் பொரளை மயான வேலியில் எல்லா இனத்தவரும் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் ஆணை திரும்பப் பெறப்பட்டது; மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. நெருங்கியவரின் உடலைத் தன் முறைப்படி வழியனுப்ப முடியாமல் போவது நம்பிக்கையைப் புண்படுத்துவதோடு நிற்காமல் மனநலத்தையும் தாக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது. இது முன்பே கற்ற பாடமும்கூட. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, உடல்களை அவசரமாக அள்ளிக்கொண்டு போனதால் குடும்பங்கள் சாவுகளை மறைக்கத் தொடங்கின. எனவே குடும்பத்தையும் மதத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு, பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள அடக்க முறையை உலக சுகாதார நிறுவனம் 2014 நவம்பரில் வகுத்தது.

அந்த நாள்களில் ஆதரவு அறவே இல்லை என்று சொன்னால் நன்றி மறந்தவள் ஆவேன். உறவினரே நெருங்கத் தயங்கிய உடல்களை, மதம் பார்க்காமல், தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடை அணிந்து தோளில் சுமந்தார்கள். இந்துவின் உடலுக்கு எரியூட்டுவதற்கும் முன்னின்றார்கள். சென்னை மாநகராட்சி தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு அரிசி, காய்கறி, மருந்து வாங்கித்தரத் தன்னார்வலர்களை அமர்த்தியது. 2021-இல் அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணைகளில் 4,000 ரூபாய் கிடைத்தது. பெரியம்மாவின் எதிர் வீட்டுப் பெண் தினமும் காலையில் வாசல்படியில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, தெருவின் மறுபுறம் போய் நின்றுகொண்டு, பெரியம்மா அதை எடுத்து உள்ளே போகும்வரை பார்த்திருப்பார். அவர் ஒன்றும் பெரிதாகப் பேசியதில்லை. இன்றைக்கும் பெரியம்மா அந்த நாள்களில் தன்னைக் காப்பாற்றியவர் என்று முதலில் சொல்வது அந்தப் பெண்ணின் பெயரைத்தான். உண்மையில் கிடைத்த உதவியின் அளவைவிட, தேவைப்பட்டால் எனக்கு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையே மன அழுத்தத்தை அதிகம் தாங்கிப் பிடிக்கிறது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தெருவின் மறுபுறம் நின்றவர் கொடுத்தது அந்த நம்பிக்கையை.

பணத்துக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்க முடிவானது. அதற்குச் சாவின் காரணம் ஆவணத்தில் இருக்க வேண்டும். பரிசோதனை முடிவு ஒன்றாகவும் இறப்புச் சான்று வேறாகவும் இருந்த குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். அவர்களில் சிலரிடம் பேசியபோது, அந்தத் தொகையைவிட அந்தக் காரணம் எழுத்தில் வருவதே அவர்களுக்கு முக்கியமாக இருந்ததை உணர்ந்தேன். யாரும் வந்து கேட்காத சாவுக்கு அரசாவது சாட்சி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்ற தமிழக அரசின் திட்டம் மிகவும் தேவையான ஒன்று. அந்தக் குழந்தைகளின் துக்கத்தை யார் கேட்டார்கள், எத்தனை பேர் அமர்ந்து கேட்டார்கள் என்ற கவலையும் எனக்குக் கூடவே இருக்கிறது. குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது நம் பெரியவர்களின் பழைய வழக்கம்.

அண்ணனுக்கு உறவினர் ஆதரவு மட்டும் போதவில்லை என்பதையும் எழுத வேண்டும். இரவெல்லாம் விழித்திருந்து, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடல் நடுங்கி, கடையைத் திறக்கவே போகாமல் இருந்த அவரை, அண்ணிதான் மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே மருந்தும் கொடுத்தார்கள், பேசவும் செய்தார்கள். மனநல மருத்துவரிடம் போவதை ஊர் என்ன சொல்லுமோ என்று குடும்பத்தில் சிலர் தயங்கியபோது, "ஊரு வந்து பார்க்கவா செஞ்சுச்சு?" என்று அண்ணி கேட்டது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. தூக்கமும் பசியும் வேலையும் பல வாரங்களாகக் குலைந்திருந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, உறவினர் வந்து ஆறுதல் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே அழைக்க வேண்டும்.

பெரியப்பாவின் முதலாண்டு திதி 2022-இல் வந்தபோது, கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. வழக்கமாக எங்கள் பக்கத்தில் ஆண்டுத் திதியை வீட்டளவில் முடித்துக்கொள்வோம். அந்த முறை பெரியம்மாவின் தங்கை முன்னின்று, எல்லோருக்கும் சொல்லியனுப்பி, வாசலில் பந்தல் போடச் சொன்னார். வந்தவர்களுக்கு முதலில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஓராண்டு கழித்துக் கேதம் கேட்பதற்கு நம்மிடம் முறை கிடையாது. பெரியப்பாவோடு அச்சகத்தில் சேர்ந்து வேலை பார்த்த ஒரு முதியவர்தான் பெரியம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "எப்படி மதினி ஆச்சு? எனக்கு ஒண்ணுமே தெரியாதே" என்று தொடங்கி வைத்தார். பெரியம்மா சொல்லத் தொடங்கினார். காய்ச்சல் வந்த நாளிலிருந்து சொன்னார். மற்றவர்களும் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பிறகு வந்தவர்களுக்கும் அதை மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

உங்களுக்குத் தெரிந்த வட்டத்திலும் இப்படிப்பட்ட வீடு ஒன்றாவது இருக்கும். இவ்வளவு காலம் கழித்துப் போய்க் கேட்டால் ஆறிய புண்ணைக் கீறியதாகுமோ என்று தயங்குகிறவர்களுக்கு, நான் பார்த்தவரையில் அப்படி யாரும் வருந்தியதில்லை என்று சொல்வேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். உங்களுக்கும் அவருக்கும் இருந்த பழக்கத்தில் ஒரு சம்பவத்தையாவது நினைவுகூருங்கள், ஏனெனில் அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாத செய்தியாக இருக்கலாம். சிகிச்சையில் என்ன தவறு நடந்தது என்று துருவ வேண்டாம். தடுப்பூசி போட்டாரா என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். அவர்கள் பேச விரும்பாவிட்டால் காப்பி குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள், இன்னொரு நாள் மறுபடி போகலாம்.